இன்ஜின் போச்சுன்னு சொன்னா எது போச்சுன்னு கேளுங்க

வண்டி வழியில நின்னுடுச்சு, கட்டி இழுத்து ஒர்க்‌ஷாப்ல விட்டாச்சு, மறுநாள் மெக்கானிக் போன் பண்ணி "இன்ஜின் போயிடுச்சுங்க"ன்னு ஒரே வரில சொல்றாரு. கேக்கறப்பவே வயித்துல புளியைக் கரைக்கும், எனக்கும் கரைச்சிருக்கு. ஆனா அந்த ஒரு வரியை வச்சு எந்த முடிவும் எடுக்க முடியாது. ஹெட் கேஸ்கெட் ஒரு ஓரத்துல அத்துப்போனாலும் "இன்ஜின் போச்சு"தான், கனெக்டிங் ராடு உடைஞ்சு பிளாக்கைப் பொத்துக்கிட்டு வெளிய வந்தாலும் "இன்ஜின் போச்சு"தான். முதல்ல சொன்னது சில நாள் வேலை, ரெண்டாவது அநேகமா பழைய இரும்பு. அதனால திருப்பிக் கேக்க வேண்டிய கேள்வி, எது போச்சு?

புதுசா கேக்கறவங்களுக்காக சொல்றேன், இன்ஜினை மனசுல மூணு பெரிய உருப்படியா பிரிச்சுக்கோங்க. பிளாக்குன்னா பெரிய உடம்பு, அதுக்குள்ளதான் சிலிண்டர் துளைகள் இருக்கு, பிஸ்டன் அதுலதான் மேலயும் கீழயும் ஓடும். பிளாக்குக்கு அடியில படுத்த மாதிரி இருக்கிற கனமான தண்டு கிராங்க், பிஸ்டனோட ஏத்த இறக்கத்தை சுத்தலா மாத்துறது அதுதான், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கம்பிதான் கனெக்டிங் ராடு. பிளாக்குக்கு மேல மூடி மாதிரி உக்காந்திருக்கிறது ஹெட், காத்தும் புகையும் வந்து போற கதவான வால்வு, அதைத் திறந்து மூடுற கேம்ஷாஃப்ட் எல்லாம் அதுல. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற மெல்லிசான தகடுதான் ஹெட் கேஸ்கெட். பிஸ்டன், அதைச் சுத்தி மாட்டுற ரிங், கிராங்கைத் தாங்குற பேரிங், வால்வு, செயின், பம்ப் இதெல்லாம் கடைல புதுசா வாங்கி மாட்டிக்கலாம், தேய்றதுக்குன்னே செஞ்ச சாமான் அதுல பாதி. இந்த மூணு பெரிய உருப்படி அப்படி இல்ல. மூணும் பொழைச்சிருந்தா இன்ஜினும் பொழைக்கும், மூணுல ஒண்ணு செத்திருந்தா யோசிக்கணும், ரெண்டு போயிருந்தா அந்த இன்ஜினை விட்டுடலாம். நான் முடிவு எடுக்கிறது இந்தக் கணக்குலதான், கீழ வர்றதெல்லாம் அந்த மூணும் உயிரோட இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறதுங்கிறதுதான்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு, இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். வண்டி நின்ன இடத்துல திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பாக்காதீங்க. ரிப்பேர் பண்ணக்கூடிய இன்ஜின் ஸ்கிராப் ஆகுறது பல சமயம் முதல் தடவை நின்னப்ப கிடையாது, அதுக்கப்புறம் சாவியைத் திருகுற அந்த அஞ்சு தடவைலதான்.

தண்ணி உள்ள போன வண்டியை எடுத்துக்கோங்க. காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. 1600 சிசி நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்னா ஒரு சிலிண்டருக்கு 400 சிசி, கம்ப்ரஷன் ரேஷியோ, அதாவது உள்ள வந்த காத்தை எத்தனை மடங்கு சுருக்குதுங்கிற கணக்கு, 10ன்னு வச்சா பிஸ்டன் மேல வந்து நிக்கும்போது மிச்சம் இருக்கிற இடம் 44 மில்லி சொச்சம்தான். மூணு பெரிய ஸ்பூன் தண்ணி. அந்த மூணு ஸ்பூன் உள்ள போயிடுச்சுன்னா பிஸ்டன் மேல வர்றதுக்கு இடமே கிடையாது, ஆனா கிராங்க் தள்ளிக்கிட்டே இருக்கும், நடுவுல மாட்டுற கனெக்டிங் ராடு வளையும். டீசல்ல ரேஷியோ 17 போல இருந்தா மிச்ச இடம் 25 மில்லிதான், ரெண்டு ஸ்பூன் கூட வேண்டாம். ஓடிட்டு இருக்கும்போதே தண்ணி இழுத்தா ராடு அப்பவே வளைஞ்சிருக்கலாம், ஆனா நின்னுட்டு இருந்த வண்டில தண்ணி ஏறியிருந்து யாரும் சாவியைத் தொடலன்னா அந்த இன்ஜினுக்கு ஒண்ணுமே ஆகாம தப்பிச்சிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பேட்டரியைக் கழட்டிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, தண்ணியை வெளியேத்தி, ஆயில் மாத்தி, அதுக்கப்புறம்தான் சுத்திப் பாக்கணும்.

டைமிங் பெல்ட் அறுந்ததும் அதே கதைதான். பல இன்ஜின்கள்ல வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்கு மாறி மாறி வந்து போகும், அதுங்க முட்டிக்காம நேரம் பிரிச்சுக் குடுக்கிறதே அந்த பெல்ட்தான். அறுந்தா முட்டிக்கும், வால்வு வளையும். ஸ்டார்ட் பண்ணப் பண்ண இன்னும் நாலு வால்வு வளையும். ஆயில் லைட் சிவப்பா எரிஞ்சா அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்னு நினைக்காதீங்க, ஓரமா நிறுத்தி அங்கயே ஆஃப் பண்ணுங்க. சூடு ஏறி நின்ன இன்ஜின்ல பச்சத் தண்ணியை ஊத்தாதீங்க, காய்ஞ்ச அலுமினிய ஹெட்ல அது கிராக் விட வைக்கும், ரேடியேட்டர் மூடியைத் திறந்தா ஆவி உங்க முகத்துக்கு வரும்.

சரி, வண்டி ஒர்க்‌ஷாப்ல நிக்குது. இன்ஜினை இறக்கிப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே நிறைய தெரிஞ்சுக்கலாம், செலவும் கம்மி, ஆனா நிறைய பேர் இந்தப் படியைத் தாண்டிட்டு நேரா பிரிக்க விட்டுடறாங்க.

ஆயில்ல இருந்து ஆரம்பிங்க. டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்க. பால் ஊத்தின காப்பி மாதிரி இருந்தா கூலன்ட்டோ (இன்ஜினைக் குளிர வைக்க ஓடுற திரவம்) தண்ணியோ ஆயில்ல கலந்திருக்கு. (ஆயில் ஊத்துற மூடிக்கு அடியில மட்டும் கொஞ்சம் வெள்ளையா படிஞ்சிருந்தா பயப்படாதீங்க, குறைஞ்ச தூரமே ஓட்டுற வண்டில ஈரம் படிஞ்சு அப்படி ஆகும், டிப் ஸ்டிக் சுத்தமா இருக்கான்னு பாருங்க.) அடுத்து கொஞ்சம் ஆயிலை ஒரு வெள்ளைக் காகிதத்துல விட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. மினுமினுன்னு ஜிகினா மாதிரி தூள் மிதந்தா உள்ள உலோகம் தேய்ஞ்சுட்டு இருக்குன்னு அர்த்தம். ஒரு காந்தத்தை காகிதத்துக்கு அடியில நகர்த்துங்க, தூள் கூடவே நகர்ந்தா இரும்பு, அதாவது கிராங்க், ரிங், கேம் மாதிரி எதுவோ. நகராம இருந்தா பேரிங் இல்லன்னா பிஸ்டன். செம்பு நிறத்துல தெரிஞ்சா பேரிங்கோட மேல் பூச்சு போய் அடுத்த அடுக்கு வெளிய வந்தாச்சு. ஆயில் ஃபில்டரை அறுத்து உள்ள இருக்கிற காகித மடிப்பை விரிச்சுப் பாத்தா இதெல்லாம் இன்னும் தெளிவா தெரியும், உங்க கண்ணு முன்னாடி அறுக்கச் சொல்லுங்க.

அப்புறம் கிராங்க் புல்லி போல்ட்ல ஒரு நீள ஸ்பானரைப் போட்டு கையால சுத்திப் பாக்கணும். ரெண்டு முழு சுத்து லேசா சுத்துச்சுன்னா நல்ல செய்தி. ஒரு இடத்துல டக்குனு முட்டி நின்னா பிஸ்டன் எதுலயோ இடிக்குது, சுத்தவே மாட்டேங்குதுன்னா ஜாம். ஆனா ஜாம்னு சொன்னதும் முடிஞ்சுதுன்னு நினைச்சுடாதீங்க, ஆல்டர்னேட்டரோ ஏசி கம்ப்ரசரோ இறுகி அதனால பெல்ட்டோட சேந்து இன்ஜினும் சுத்தாம நின்ன வண்டிகளும் உண்டு, வெளி பெல்ட்டைக் கழட்டிட்டு ஒரு தடவை பாத்துடணும்.

சுத்துதுன்னா அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட். ஸ்பார்க் பிளக் துளைல மீட்டரை மாட்டி ஸ்டார்ட்டரால சுத்தி ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அமுக்குதுன்னு பாக்கிறது. பெட்ரோல் இன்ஜின்ல பொதுவா 150ல இருந்து 200 பிஎஸ்ஐக்குள்ள வரும், டீசல்ல அதைவிட ரெண்டு மடங்குக்கும் மேல. வண்டிக்கு வண்டி இது மாறும், அதனால நம்பரைவிட சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசத்தைப் பாருங்க, 10-15 சதவீதத்துக்கு மேல ஒண்ணு மட்டும் கீழ கிடந்தா கோளாறு அங்கதான். கீழ கிடக்கிற சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு திரும்பப் பாருங்க. ஏறிச்சுன்னா ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ஞ்சிருக்கு, ஏறலன்னா வால்வு இல்லன்னா கேஸ்கெட். பக்கத்து பக்கத்து ரெண்டு சிலிண்டர் சேந்து குறைஞ்சிருந்தா நடுவுல கேஸ்கெட் போயிருக்குன்னு கிட்டத்தட்ட உறுதியா சொல்லிடலாம். இதுக்கு மேல ஒரு படி லீக் டவுன் டெஸ்ட், காத்தை உள்ள அடிச்சு அது எங்க வழியா தப்பிக்குதுன்னு காதால கேக்கிறது. சைலன்சர் வழியா புஸ்ஸுன்னு வந்தா எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம்னா இன்டேக் வால்வு, ஆயில் மூடி வழியா வந்தா ரிங், ரேடியேட்டர்ல குமிழி வந்தா கேஸ்கெட் இல்லன்னா கிராக். ஹெட் பக்கமா கீழ் பக்கமாங்கிறதை பிரிக்காமலே இது சொல்லிடும். பிளக் துளை வழியா சின்ன கேமராவை விட்டு பிஸ்டன் தலையையும் சிலிண்டர் சுவரையும் பாக்கலாம், சுவர்ல நெடுக்க ஆழமா கீறல் இருந்தா தெரிஞ்சுடும்.

இனி எந்த மாதிரி அடிக்கு எது பிழைக்கும்னு பாப்போம். டைமிங் பெல்ட்ல இருந்து தொடங்கறேன், அது சீக்கிரம் முடியும். பெரும்பாலும் வால்வுதான் போகும், ஹெட்டைக் கழட்டி வால்வு மாத்தி, வால்வு தண்டு ஓடுற குழாயான கைடு சரியா இருக்கான்னு பாத்து, புது பெல்ட் போட்டா முடிஞ்சுது. பிஸ்டன் தலைல சின்னச் சின்ன வடு இருக்கும், ஆழமா இல்லன்னா அது பிரச்சனை இல்ல. வேகமா ஓடும்போது அறுந்து வால்வு தலை துண்டாகி உள்ள விழுந்து பிஸ்டனையும் சுவரையும் கொத்தியிருந்தா கதை வேற.

ஓவர்ஹீட்தான் அதிகம் நடக்கிறது, அதிகம் தப்பா முடிவு எடுக்கிறதும் அதுலதான். உள்ள எரியிற வாயுவோட சூடு 2000 டிகிரியைத் தாண்டும், அலுமினியம் உருகுறது 660 டிகிரில. நடுவுல காப்பாத்துறது பக்கத்துல ஓடுற கூலன்ட் மட்டும்தான். அது போச்சுன்னா ஹெட் விரியும், அலுமினியம் வார்ப்பிரும்பைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியிற ஜாதி, போல்ட் இறுக்கிப் பிடிச்சிருக்கு, விரிய இடமில்லாம வளையுது.

என் வண்டில கூலன்ட் ஹோஸ் வெடிச்சப்ப நடந்தது இது. சூடு காட்டுற முள்ளு சிவப்புக்குப் போச்சு, கொஞ்ச நேரத்துல தானா கீழ இறங்கிச்சு, சரி குளிர்ந்துடுச்சுன்னு நினைச்சு இன்னும் 4 கிலோமீட்டர் ஓட்டிட்டேன். அது குளிரவே இல்ல. கூலன்ட் மொத்தமா வெளிய போனதால சென்சார் வெறும் காத்துல நின்னுக்கிட்டு இருந்திருக்கு, அளக்க அதுக்குத் தண்ணியே இல்ல. பின்னாடி ஹெட்டைக் கழட்டி, சுத்தம் பண்ணி, அதுமேல நேரான இரும்புப் பட்டையை நிறுத்தி வச்சு மெஷினிஸ்ட் என்னைக் கூப்பிட்டு காட்டினாரு. ரெண்டாவது மூணாவது சிலிண்டருக்கு நடுவுல பட்டைக்கு அடியில வெளிச்சம் கீத்தா தெரிஞ்சுது. ஃபீலர் கேஜ்ல 0.15 மில்லிமீட்டர் தகடு அந்த சந்துல வழுக்கிட்டு உள்ள போச்சு. பல கம்பெனிகள் அனுமதிக்கிற வளைவு 0.05 மில்லிமீட்டர் அளவுதான், தலைமுடியைவிட மெல்லிசு. 0.15ங்கிறது கண்ணுக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி, ஆனா அந்த சந்து வழியாதான் என் கூலன்ட் சிலிண்டருக்குள்ள போயிருக்கு. அந்த ஹெட்டோட முகத்தை மெஷின்ல மெல்லிசா சீவி, அதாவது ஃபேசிங் போட்டு, நேராக்க முடிஞ்சுது, கிராக் இருக்கான்னு பிரஷர் டெஸ்ட் பண்ணாங்க, இல்ல, பிளாக்கோட மேல் முகமும் நேரா இருந்துச்சு, புது கேஸ்கெட் புது போல்ட்டோட மாட்டினோம். இன்னைக்கும் ஓடுது.

இதே ஓவர்ஹீட் இன்னும் பத்து நிமிஷம் நீடிச்சிருந்தா ஹெட்டோட அலுமினியம் மிருதுவாயிடும், வெப்பத்துல அதோட கடினம் போயிடும், நேராக்கினாலும் போல்ட்டைப் பிடிச்சு நிக்காது. அதனால மோசமா சூடான ஹெட்டுக்கு ஹார்ட்னஸ் டெஸ்ட் கேளுங்க. வால்வு சீட்டுகளுக்கு நடுவுல கிராக் இருக்கான்னு டை (சாயம்) ஊத்திப் பாக்கச் சொல்லுங்க. ஃபேசிங்ல எடுக்கிறதுக்கும் ஒரு எல்லை உண்டு, ஏற்கனவே ஒரு தடவை எடுத்த ஹெட்டுன்னா கவனம். ஹெட் போனாலும் பரவாயில்ல, வேற ஹெட் தேடி வாங்கலாம், கீழ பிளாக்ல சுவர் கீறி பிஸ்டன் ஒட்டியிருந்தாதான் கணக்கு மாறும். இன்னொண்ணு, கேஸ்கெட் போயிருக்குமோன்னு சந்தேகமா இருந்தா கூலன்ட்டை விரல்ல தொட்டு நாக்குல வைக்கிற பழக்கம் சிலர்கிட்ட உண்டு, தயவுசெய்து வேண்டாம், அது இனிக்கும், ஆனா விஷம். அதுக்குன்னு நீல நிறத்துல ஒரு மருந்து இருக்கு, ரேடியேட்டர் வாய்ல வச்சா எரிஞ்ச வாயு கூலன்ட்ல கலந்திருந்தா மஞ்சளா மாறிடும்.

ஆயில் இல்லாம ஓடின இன்ஜின்தான் உண்மையிலேயே கஷ்டமான கேஸ். கிராங்க் பேரிங்கைத் தொட்டுக்கிட்டு சுத்துறதே கிடையாது தெரியுமா, ரெண்டுக்கும் நடுவுல 0.02ல இருந்து 0.06 மில்லிமீட்டர் சந்து, அதுல ஆயில் படலம், கிராங்க் அந்தப் படலத்து மேல மிதக்குது. 3000 ஆர்பிஎம்ல ஒரு செகண்டுக்கு 50 சுத்து. படலம் அறுந்தா உலோகம் உலோகத்தைத் தொடும், பேரிங் உருகி வழியும், அடியில இருந்து கனமா டக் டக்குனு சத்தம் வரும், ஆக்சிலேட்டர் குடுக்கக் குடுக்க வேகமாகும். அந்த நிலைல நிறுத்தினா கிராங்கைக் காப்பாத்திடலாம், ஓட்டினா பேரிங் தன்னோட இருப்பிடத்துலயே சுத்த ஆரம்பிச்சு கனெக்டிங் ராடையும் கெடுத்து கிராங்க் ஜர்னலை, அதாவது பேரிங்குக்குள்ள சுத்துற உருண்டைப் பகுதியை, நீலமா காய்ச்சிடும். நீல நிறத்தைப் பாத்தீங்கன்னா அது தீஞ்ச இரும்பு.

கிராங்கை மைக்ரோமீட்டர் வச்சு அளப்பாங்க, உருண்டையா இருக்கா முட்டையா இருக்கா, ஒரு பக்கம் ஒல்லியாயிடுச்சான்னு. லேசான கீறல்னா 0.25 மில்லிமீட்டர் அரைச்சு எடுத்துட்டு அந்த அளவுக்குத் தடிமனான அண்டர்சைஸ் பேரிங் போடலாம், அதுலயும் போகலன்னா 0.50. எல்லா கிராங்கையும் அரைக்க முடியாது. மேல் பரப்பை நைட்ரைடிங் மாதிரி முறைல கடினப்படுத்தின கிராங்கை அரைச்சா அந்தக் கடினமான தோலே போயிடும், அதனால சில கம்பெனிகள் அரைக்கவே கூடாதுன்னு சொல்லிடுவாங்க, அண்டர்சைஸ் பேரிங்கும் விக்க மாட்டாங்க. உங்க இன்ஜினுக்கு அண்டர்சைஸ் பேரிங் கிடைக்குதான்னு முதல்ல விசாரிங்க, பிரிச்ச பிறகு தேடினா நேரம் போகும்.

சிலிண்டர் சுவருக்கும் இதே முறைதான். தேய்ஞ்சிருந்தா போரிங் போட்டு, அதாவது துளையைக் கொஞ்சம் பெருசாக்கி, 0.25, 0.50 இப்படி ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டுவாங்க, அதிகமா போயிருந்தா உள் குழாயா புது ஸ்லீவ் இறக்குவாங்க. வார்ப்பிரும்பு சுவர்னா இது பழக்கமான வேலை. சில புது அலுமினிய பிளாக்ல சுவர் மேல நிக்கல் மாதிரி மெல்லிசான பூச்சு மட்டும்தான் இருக்கும், அதை சாதாரணமா போரிங் போட முடியாது, அந்த வேலை தெரிஞ்ச ஆள் கிடைச்சாதான் உண்டு.

வளைஞ்ச ராடு விஷயத்துல ஒரு எச்சரிக்கை. எங்க அண்ணன் வண்டி தண்ணில நின்னு, தண்ணியை எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணாங்க, ஆச்சரியமா ஓடுச்சு, லேசான நடுக்கம் மட்டும். சரியாயிடுச்சுன்னு குடுத்துட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஹைவேல ராடு உடைஞ்சு பிளாக்ல கை நுழையிற அளவு ஓட்டை. வளைஞ்ச ராடு கொஞ்சம் குட்டையாயிடும், பிஸ்டன் முன்ன போன உயரத்துக்குப் போகாது, அந்த சிலிண்டர் கம்ப்ரஷன் மட்டும் குறையும், நாலு பிஸ்டனும் உச்சிக்கு வரும்போது உயரத்தை அளந்து பாத்தா ஒண்ணு மட்டும் கீழ நிக்கும், சிலிண்டர் உச்சில இருக்கிற கரி வளையம் கூட மத்ததைவிட அகலமா தெரியும். அன்னைக்கு அந்த ஒரு டெஸ்ட் பண்ணியிருந்தா வளைஞ்ச ராடும் பேரிங் செட்டும் மாத்தி முடிஞ்சிருக்கும். பிளாக் ஓட்டையானா வெல்டிங் பண்ணி குடுக்கிறேன்னு சொல்றவங்க உண்டு, தினம் ஓட்டுற வண்டிக்கு நான் அதை நம்ப மாட்டேன், அரிய பழைய வண்டி, வேற பிளாக்கே கிடைக்காதுன்னா மட்டும்தான்.

அளந்ததை எல்லாம் எழுதி வாங்குங்க. "கிராங்க் கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு"ன்னு சொல்றதுல விஷயமே இல்ல, எந்த ஜர்னல், எவ்வளவு, கம்பெனி எல்லை எவ்வளவு, இந்த மூணும் ஒரு காகிதத்துல இருந்தா இன்னொருத்தர்கிட்ட காட்டி அபிப்பிராயம் கேக்கலாம். நம்பர் குடுக்கத் தயங்குற இடத்துல நான் இன்ஜின் வேலை குடுக்க மாட்டேன்.

அதோட ஏன் போச்சுன்னும் தெரியணும். பேரிங் போச்சு, சரி, ஆயில் பம்ப் கெட்டதாலயா, ஆயில் சல்லடை அடைச்சதாலயா, எங்கயோ ஒழுகி அளவு குறைஞ்சதாலயா? காரணம் தெரியாம புது பேரிங் போட்டா அதே இடத்துல அதே மாதிரி திரும்பப் போகும். முதல் தடவை போனப்ப வந்த உலோகத் தூள் ஆயில் கூலருக்குள்ளயும் டர்போ பைப்லயும் உக்காந்திருக்கும், கூலரை முழுசா கழுவ முடியாது, மாத்திடணும். ரீபில்ட் பண்ணின இன்ஜின் சில ஆயிரம் கிலோமீட்டர்ல திரும்பக் கெட்டுப்போச்சுன்னு கேள்விப்பட்டா இந்தக் கூலரைத்தான் நான் முதல்ல விசாரிப்பேன்.

இப்ப காசு கணக்கு. நிறைய பேர் ரிப்பேர் செலவை வண்டியோட விலையோட நேரா ஒப்பிடறாங்க, அது பாதி கணக்குதான். வண்டி நல்லா ஓடுற நிலைல 100ன்னு வச்சுக்கோங்க. இன்ஜின் போன நிலைல அப்படியே வித்தா 30 கிடைக்கும்னா, ரிப்பேரால உங்களுக்குக் கிடைக்கப்போறது 70. மெக்கானிக் 50ன்னு சொன்னா அதுமேல கால் பங்கு சேத்துக்கோங்க, பிரிச்சா எதாவது ஒண்ணு கூடுதலா வந்தே தீரும், அப்ப 62 சொச்சம். 70க்கு 62, விளிம்புலதான் நிக்குது. கியர்பாக்ஸ் முனகுது, பாடில துரு, ஏசி வேலை செய்யலன்னா அந்த 100ங்கிறதே பொய், 70ன்னு வைங்க, வரவு 40, செலவு 62, விட்டுடுங்க. போன மாசம் புது டயர் போட்டேனேன்னு மனசு அடிச்சுக்கும், அந்தக் காசு போனது போனதுதான், டயரால வண்டி விலை எவ்வளவு கூடுதோ அது மட்டும்தான் கணக்குல வரும். வித்துட்டு வேற பழைய வண்டி வாங்கினா அது எப்படிப்பட்டதுன்னு தெரியாது, உங்க வண்டியோட ஜாதகம் உங்களுக்குத் தெரியும், இன்னும் ஆறேழு வருஷம் வச்சு ஓட்டப்போறீங்க, மத்த எல்லாம் திடமா இருக்குன்னா கணக்கு கொஞ்சம் இடிச்சாலும் நான் ரிப்பேர் பக்கம்தான் நிப்பேன். எஸ்டிமேட்ல கேஸ்கெட் செட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், டைமிங் கிட், கூலன்ட், ஆயில், லேத் கூலி எல்லாம் இருக்கான்னு வரி வரியா பாருங்க, இறுக்கும்போதே நீளுற வகை ஹெட் போல்ட்டா இருந்தா அதை ஒரு தடவைக்கு மேல பயன்படுத்தக் கூடாது, அதுவும் லிஸ்ட்ல வரணும். இன்சூரன்ஸ் இருந்தா இன்ஜின் சேதம் அதுல அடங்குமான்னு பிரிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, அவங்க வந்து பாக்கறதுக்குள்ள பிரிச்சுட்டா வாதாட ஒண்ணும் இருக்காது.

ரிப்பேர் ஸ்கிராப்புன்னு ரெண்டே வழின்னு இல்ல, பிளாக் போயிருந்தா வேற இன்ஜின் மாத்தலாம். அடிபட்டு நின்ன வண்டில இருந்து எடுத்த பழைய இன்ஜின், ரீகண்டிஷன் பண்ணினது, இல்லன்னா கிராங்கும் பிஸ்டனும் மாட்டின ஹாஃப் இன்ஜின் வாங்கி உங்க ஹெட்டையே மேல வைக்கிறதுன்னு பல விதம். பழைய இன்ஜின் வாங்கினா மேல சொன்ன கம்ப்ரஷன் டெஸ்டை அதுக்கும் பண்ணுங்க, ஆயில் சம்ப்பை (அடியில ஆயில் தேங்குற தொட்டி) கழட்டி அடியில தூள் இருக்கான்னு பாருங்க, எந்த வகை இன்ஜின்னு சொல்ற இன்ஜின் கோடு நம்பர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும், ஒரே மாடல்லயே வருஷத்துக்கு வருஷம் சென்சாரும் வயரிங்கும் மாறும். மாத்தின பிறகு புது இன்ஜின் நம்பரை வண்டி பதிவுல ஏத்த வேண்டியது பல ஊர்ல கட்டாயம், அதுக்கு அந்த இன்ஜின் எங்க இருந்து வந்துச்சுன்னு பில் வேணும், பில் இல்லாத இன்ஜினைத் தொடாதீங்க.

ஸ்கிராப்புன்னு முடிவாச்சுன்னா அதையும் நிதானமா பண்ணுங்க. எடைக்குப் போடறதைவிட, ஓடாத வண்டியா முழுசா வாங்கிக்கிற ஆள்கிட்ட பெரும்பாலும் கூட கிடைக்கும். எடைக்கே போடறதா இருந்தாலும் புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மறந்துடாதீங்க, பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மாதிரி உலோகம் அதுக்குள்ள பூசியிருக்கும், விலையைப் பேசும்போது அதைத் தனியா சொல்லிக் கேளுங்க. நல்ல கியர்பாக்ஸ், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டரான ஈசியு எல்லாம் யாருக்காவது தேவைப்படும். பதிவை ரத்து பண்ணின காகிதம் கைக்கு வந்த பிறகுதான் அந்த வண்டி உங்க பேர்ல இருந்து போச்சுன்னு அர்த்தம்.

ரிப்பேர் பக்கம் போனா மெக்கானிக்கிட்ட ஆரம்பத்துலயே நிறுத்துற இடங்களைப் பேசி வச்சுக்கோங்க. "ஹெட்டைக் கழட்டினதும் நிறுத்தி எனக்கு போன் பண்ணுங்கண்ணே, நான் வந்து பாக்கறேன்"ன்னு சொல்லி வைங்க. சம்ப்பைக் கழட்டி ஒரு பேரிங்கைத் திறந்ததும் இன்னொரு தடவை. லேத்ல அளந்த நம்பர் வந்ததும் கடைசியா ஒரு தடவை. ஒவ்வொரு இடத்துலயும் இதுவரைக்கும் எவ்வளவு ஆச்சு, இங்கயே விட்டா எவ்வளவு குடுக்கணும், மேல போனா எவ்வளவுன்னு கேளுங்க. நல்ல மெக்கானிக் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டாரு, அவருக்கும் நடுவுல காசு இல்லாம பிரிச்சுப் போட்ட இன்ஜின் ஒண்ணு மூலைல கிடக்கிறது கஷ்டம்தான்.

வண்டி கைக்கு வந்ததும் முதல் 500ல இருந்து 1000 கிலோமீட்டர் ரொம்ப பாரம் ஏத்தாம, ஒரே வேகத்துல மணிக்கணக்கா பிடிக்காம ஓட்டுங்க, புது ரிங் சுவரோட பொருந்தி உக்காரணும். அப்புறம் அந்த முதல் ஆயிலை இறக்கும்போது நேர்ல போய் நில்லுங்க, பழையபடி ஒரு வெள்ளைக் காகிதம், டார்ச், காந்தம். லேசான சாம்பல் நிறத் தூள் கொஞ்சம் இருக்கும், புதுசு பொருந்தும்போது அது வர்றதுதான். செம்பு நிறம் மட்டும் தெரியக் கூடாது.